புக்கிட் தீமா காடும் ஹென்றி ரிட்லியும்

சிங்கப்பூர்த் தீவின் நடுவே 163 மீட்டர் உயரத்தில் எழுந்து நிற்கிறது புக்கிட் தீமா மலை. நாற்புறமும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் விரைவுச்சாலைகளும் சூழ்ந்து நிற்க, அம்மலையின் சரிவுகளை மட்டும் மழைக்காடு போர்த்தியிருக்கிறது. பரப்பால் அது சிறியது. ஏறத்தாழ 160 எக்டேர். அதிலும் ஒரு பகுதி மட்டுமே கோடரி படாத முதுகாடு. ஆயினும் அதன் செல்வம் பெரிது. செராயா மரங்கள் கிளையின்றி நெடிதுயர்ந்து மேலே கூரை வேய்ந்திருக்கின்றன. அவற்றின் நிழலில் பிரம்பும் பெரணியும் காட்டிஞ்சியும் வளர்கின்றன. அழுங்கு இரவில் எறும்புப் புற்றைக் கிளறுகிறது. பறக்கும் லெமூர் எனப்படும் கொலுகோ பகல் முழுதும் மரப்பட்டையோடு மரப்பட்டையாக ஒட்டிக் கிடக்கிறது. 1993ஆம் ஆண்டு ஆய்வாளர்கள் இக்காட்டில் இரண்டு எக்டேர் நிலத்தை அளந்து குறித்து, அதிலுள்ள மரங்களை ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினர். அச்சிறு பரப்பில் மட்டும் 300க்கும் மேற்பட்ட மர இனங்கள் இருப்பது தெரியவந்தது.

இக்காட்டின் வரலாற்றையும் மலாயாத் தோட்டப்புறத் தமிழரின் வரலாற்றையும் ஒரே முடிச்சில் பிணைக்கும் மனிதர் ஒருவர் உண்டு. காட்டுச் செடி ஒவ்வொன்றையும் பெயரிட்டு ஏட்டில் ஏற்றியவர் அவர். அதே காடுகளை வெட்டிச் சாய்க்கக் காரணமான அயல்நாட்டு மரம் ஒன்றை இம்மண்ணில் வேரூன்றச் செய்தவரும் அவரே. ஹென்றி நிக்கலஸ் ரிட்லி என்பது அவர் பெயர். இரப்பர் ரிட்லி என்றும், பித்தர் ரிட்லி என்றும் அக்காலத்தவர் அவரை வழங்கினர்.

இளமை

ரிட்லி 1855ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் இங்கிலாந்தின் நார்ஃபோக் மாவட்டத்தில் வெஸ்ட் ஹார்லிங் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் ஒரு கிறித்துவப் பாதிரியார். தாயார், கியூ தாவரவியல் தோட்டம் தோன்றிய காலத்தில் அதற்கு உறுதுணையாயிருந்த பியூட் பிரபுவின் வழி வந்தவர். தாயை ரிட்லி மிக இளம் வயதிலேயே இழந்தார். பூச்சி பிடிப்பதிலும் செடி சேர்ப்பதிலும் அவருடைய சிறுவயது கழிந்தது.

ஹெய்லிபரிப் பள்ளியில் பயின்ற பின், ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் எக்ஸிட்டர் கல்லூரியில் அறிவியல் கற்றுப் பட்டம் பெற்றார். 1880ஆம் ஆண்டு இலண்டனிலுள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் தாவரவியல் பிரிவில் பணியில் அமர்ந்தார். உலர்த்தி ஒட்டப்பட்ட செடிகளின் நடுவே எட்டாண்டுகள் கழிந்தன. இடையில் 1887ஆம் ஆண்டு பிரேசில் நாட்டுக் கரைக்கு அப்பாலுள்ள ஃபெர்னாண்டோ தெ நொரோனா தீவுக்கு ஆய்வுப் பயணம் சென்று வந்தார். வெப்பமண்டல நிலத்தை நேரிற் கண்டவருக்கு அருங்காட்சியகத்தின் அறைகள் போதவில்லை. மறு ஆண்டே நீரிணைக் குடியேற்றங்களின் தோட்டங்களுக்கும் காடுகளுக்கும் இயக்குநராக ஓர் அறிவியலாளர் தேவைப்பட்டபோது, அப்பதவி அவரை நாடி வந்தது. 1888ஆம் ஆண்டு நவம்பர் மாதம் ரிட்லி சிங்கப்பூர் வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு 33 வயது நிறையவில்லை.

கைக்கு வந்த காடு

ரிட்லி வந்திறங்கிய தீவு, அடர்ந்த வனமாக இருந்த பழைய தீவன்று. அதற்கு 34 ஆண்டுகளுக்கு முன், 1854இல், ஆல்ஃபிரட் ரசல் வாலஸ் புக்கிட் தீமாப் பகுதியில் தங்கி வண்டுகளைச் சேகரித்தார். ஏறத்தாழ இரண்டு மாதங்களில் 700 வகை வண்டுகள் அவருக்குக் கிடைத்தன. அவற்றுட் பெரும்பகுதியைத் தந்தது ஒரு சதுர மைல் பரப்பேயாகும். வெட்டுண்டு கிடந்த மரங்களின் அழுகும் கட்டைகளும் பட்டைகளுமே அவ்வளவு வண்டுகளையும் ஈர்த்தன. ஆக, வாலசுக்குக் கிட்டிய அறுவடை, காடு அழிந்துகொண்டிருந்ததன் அறிகுறியாகவும் இருந்தது.

காட்டை அழித்தது காம்பியர்ப் பயிர். தோல் பதனிடுவதற்கும் சாயமிடுவதற்கும் பயன்பட்ட காம்பியர் இலையைக் கொப்பரையில் இட்டுக் காய்ச்ச வேண்டும். காய்ச்ச விறகு வேண்டும். தோட்டத்துக்காக ஒரு பங்கு காடு விழுந்தால், அடுப்புக்காக இன்னொரு பங்கு விழுந்தது. பதினைந்து இருபது ஆண்டுகளில் மண் சலித்துப் போகும். பயிரிட்டவர்கள் அந்நிலத்தைக் கைவிட்டு அடுத்த காட்டை நாடுவார்கள். கைவிட்ட நிலத்தில் லாலாங் புல் முளைத்துப் படரும். கோடையில் அது தீப்பற்றும். தீ, எஞ்சிய காட்டின் ஓரத்தையும் தின்னும்.

ரிட்லிக்கு முன் தோட்டத்தின் பொறுப்பிலிருந்த நத்தேனியல் கேன்ட்லி, தீவின் காடுகளை ஆய்ந்து 1883இல் அறிக்கை அளித்தார். தீவின் பரப்பில் ஏறத்தாழ 7 விழுக்காடே அப்போது காடாக எஞ்சியிருந்தது. அதுவும் துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்தது. அவ்வறிக்கையின் விளைவாகவே காப்புக்காடுகள் வரையறுக்கப்பட்டன. புக்கிட் தீமா அவற்றுள் ஒன்று. கேன்ட்லி 1888இல் காலமானார். அவர் விட்டுச்சென்ற பொறுப்பு ரிட்லியின் கைக்கு வந்தது.

சிங்கப்பூர்த் தமிழர் பூமலை என வழங்கும் தாவரவியல் தோட்டத்தில் ரிட்லி குடியேறினார். 1859இல் நிறுவப்பட்ட அத்தோட்டத்துக்குள்ளும், தோட்டத்தினும் பன்மடங்கு பழைமையான காட்டுத் துண்டு ஒன்று, ஏறத்தாழ ஆறு எக்டேர், இருந்தது. அதைத் திருத்திப் புல்வெளியாக்காமல் காடாகவே விட்டு வைத்தவர்களுள் ரிட்லியும் ஒருவர். அக்காலத்தில் தோட்டத்தில் ஒரு சிறு விலங்குக்காட்சியும் இருந்தது. அவ்விலங்குகளைப் பேணுவதும் அவர் கடமையாயிற்று. போதிய பணமின்றி 1905இல் அது மூடப்பட்டது.

காப்புக்காடுகளைக் காப்பது எளிதாக இருக்கவில்லை. காவலர் மிகச் சிலர். விறகுக்காகத் திருட்டுத்தனமாக மரம் வெட்டுவோர் பலர். லாலாங் தீயைத் தடுக்க எல்லைகளைச் செதுக்கி வைக்க வேண்டியிருந்தது. சில ஆண்டுகளுக்குள் காடுகளின் நிர்வாகமே தோட்டத்துறையிடமிருந்து எடுக்கப்பட்டு நிலவரி அதிகாரிகளிடம் சென்றது. காடு வருவாய் தரும் நிலமாக எண்ணப்பட்டதேயன்றி, உயிர்களின் உறைவிடமாக எண்ணப்படவில்லை. எனினும், ரிட்லி காட்டைக் கைவிடவில்லை. புக்கிட் தீமாவுக்கும் சாங்கிக்கும் மண்டாய்க்கும் மீண்டும் மீண்டும் சென்று செடிகளைச் சேகரித்தார். பகாங் நாட்டின் உட்பகுதிகளுக்கும் கிறிஸ்மஸ் தீவுக்கும் சென்றார். அவர் உலர்த்திப் பெயரிட்டுச் சேர்த்து வைத்த செடிகளால் பூமலையின் உலர்தாவரக் கூடம் வளர்ந்தது.

1893இல் ஆர்மீனியப் பெண்மணியான ஆக்னஸ் ஜோக்கிம் தம் தோட்டத்தில் மலர்ந்த ஆர்க்கிட் ஒன்றை அவரிடம் கொண்டுவந்து காட்டினார். இரு இனங்களின் கலப்பில் தோன்றிய புது மலர் அது என்று ரிட்லி கண்டார். அதனை விவரித்து அப்பெண்மணியின் பெயரையே சூட்டினார். அம்மலர் 1981இல் சிங்கப்பூரின் தேசிய மலராயிற்று.

பால்மரம்

ரிட்லியின் பெயரை உலகறியச் செய்தது ஆர்க்கிட் அன்று, பால்மரம். 1876இல் ஹென்றி விக்கம் பிரேசில் நாட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 இரப்பர் விதைகளைக் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். அவற்றுள் முளைத்தவை மிகச் சிலவே. முளைத்தவற்றுட் பெரும்பகுதி இலங்கைக்குப் போயிற்று. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றுட் சில ஹியூ லோவின் பொறுப்பில் கோலகங்சாரில் நடப்பட்டன. சில பூமலையில் நின்றன. அதன்பின் ஏறத்தாழ பத்தாண்டுகள் அவற்றைப் பெரிதாக மதிப்பார் எவருமில்லை. ரிட்லி வந்தபோது, புதர் மூடிய நிலத்தில் அம்மரங்கள் வளர்ந்து நின்றன.

அம்மரத்தின் பயனை அறிய விரும்பினால், முதலில் அதைச் சாகடிக்காமல் பால் எடுக்கும் வழியை அறிய வேண்டும். அமேசான் காட்டில் பால் எடுப்போர் மரத்தைச் சிறு கோடரியால் கொத்தினர். காயம் மரத்தின் உயிர்ப்படலத்தைத் தாக்கும். பட்டை முண்டும் முடிச்சுமாகிவிடும். ரிட்லி பல ஆண்டுகள் மரத்தின் முன் நின்று சோதித்தார். பட்டையைச் சாய்வாகக் கீற வேண்டும். ஆனால் பட்டைக்கும் கட்டைக்கும் இடையிலுள்ள மெல்லிய படலத்தை உளி தொடலாகாது. அடுத்த முறை புதிய காயம் செய்யாமல், பழைய கீற்றின் விளிம்பையே மெல்லியதாகச் சீவ வேண்டும். அவ்வாறு சீவச் சீவப் பால் மிகுந்தது. சீவிய இடத்தில் பட்டை மீண்டும் வளர்ந்தது. நடுவே ஒரு கோடும் இருபுறமும் மீன்முள்போற் சாய்ந்த கீற்றுகளுமாக அவர் வகுத்த முறை, 1890களின் நடுவில் உருப்பெற்றது. வைகறைக் குளிரில் வெட்டினால் பால் நன்றாக இறங்கும் என்பதும் தெளிவாயிற்று. மலாயாத் தமிழன் விடியுமுன் பெரட்டுக் களத்தில் நின்றதற்கும், விளக்கு வெளிச்சத்தில் உளி பிடித்து மங்கில் பால் பிடித்ததற்கும் அடிப்படை இந்த அறிவேயாகும்.

முறை கிடைத்தது, நடுவதற்கு ஆள் கிடைக்கவில்லை. துரைமார் காப்பியை நம்பியிருந்தனர். பலன் தர ஆறேழு ஆண்டுகள் பிடிக்கும் மரத்தை நட எவரும் துணியவில்லை. ரிட்லி சட்டைப் பைகளில் இரப்பர்க் கொட்டைகளை நிரப்பிக்கொண்டு, கண்ட தோட்டக்காரரிடமெல்லாம் திணித்தார். அப்போதுதான் அவருக்குப் பித்தர் என்னும் பெயர் நிலைத்தது. உடனடிப் பயனில்லாத பயிரில் காலத்தைச் செலவிடுவதாக அவர்மேல் குறையும் எழுந்தது. அவர் அசையவில்லை. விரைவில் முளைப்புத்திறன் இழக்கும் அவ்விதைகளை ஈரக் கரித்தூளில் பொதிந்து தொலைவுக்கு அனுப்பும் வகையையும் ஆய்ந்து கண்டார். தாம் நடத்திய வேளாண்மை இதழில் இரப்பரைப் பற்றி இடைவிடாது எழுதினார்.

முதலில் செவிசாய்த்தவர் துரைமாருள் ஒருவரல்லர். மலாக்காவைச் சேர்ந்த டான் சே யான் என்னும் சீனப் பெருவணிகர், 1896இல் புக்கிட் லிந்தாங்கில் ஏறத்தாழ 40 ஏக்கரில் இரப்பரை நட்டார். பின்னர், பிரேசில் காப்பியின் பெருக்கத்தால் விலை வீழ்ந்தது. புழுக்கள் காப்பிச் செடியை மொட்டையடித்தன. மேலைநாடுகளில் மிதிவண்டிக்கும் அதன்பின் மோட்டார் வண்டிக்கும் காற்றடைத்த சக்கரம் வந்தது. காப்பித் தோட்டங்கள் பால்மரத் தோட்டங்களாயின. 1917ஆம் ஆண்டுக்குள் பூமலையிலிருந்து வெளியேறிய இரப்பர் விதைகள் 70 இலட்சத்துக்கும் மேற்பட்டவை. 1920களில் உலகின் இரப்பரில் ஏறத்தாழப் பாதி மலாயாவிலிருந்து சென்றது.

தோட்டப்புறம்

ஒரு விதைக்குப் பின்னால் ஒரு காடு விழுந்தது. ஒரு மக்கட்கூட்டம் கடல் கடந்தது. தீபகற்பத்தின் மேற்குக் கரையோரம் நெடுகிலும் மழைக்காடுகள் வெட்டப்பட்டு, காய்ந்தபின் எரிக்கப்பட்டன. வரிசை பிடித்த பால்மரங்கள் அங்கு நின்றன. அவற்றை வெட்டத் தஞ்சையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் சேலத்திலிருந்தும் வட, தென் ஆர்க்காட்டிலிருந்தும் கங்காணிகள் வழியே தமிழர் வந்தனர். 1938இல் இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளரை உதவியளித்து அனுப்பும் முறையைத் தடை செய்யும்வரை அவ்வரவு தொடர்ந்தது.

காட்டை அழித்ததற்குரிய விலையை முதலில் கொடுத்தவர்களும் அவர்களே. அடர்காட்டின் நிழலில் ஓடிய மலையோடைகளில் வளராத ஒருவகைக் கொசு, மரம் விழுந்து வெயில் பட்ட தெளிநீரில் பெருகியது. மலேரியா லயங்களைச் சூறையாடியது. மால்கம் வாட்சன் என்னும் மருத்துவர் இந்தத் தொடர்பை ஆராய்ந்து, ஓடைகளை மூடியும் எண்ணெய் தெளித்தும் நோயைக் குறைக்கும் வழிகளை வகுத்தார். அதற்குள் புதுத் தோட்டங்களின் இடுகாடுகள் நிறைந்துவிட்டன.

இவற்றுக்கெல்லாம் ரிட்லி ஒருவரே பொறுப்பு என்று கூறுதல் நேர்மையாகாது. ஆள் சேர்த்தவர் அவரல்லர்; கூலி நிர்ணயித்தவரும் அவரல்லர். தோட்டப் பங்குகளால் பெருஞ்செல்வம் குவித்தவர்களின் வரிசையில் அவர் இல்லை. அரசுச் சம்பளத்தோடு பணியாற்றி ஓய்வு பெற்றவர் அவர். ஆயினும், அவர் தந்த விதையும் அவர் கண்ட முறையுமின்றி அத்தோட்டங்கள் அவ்வாறு எழுந்திரா என்பதும் மறுக்க இயலாதது. பயிரைக் கண்டவனின் கையில் பயிரின் விளைவுகள் நிற்பதில்லை.

விதையின் கணக்கு

ரிட்லியின் மற்றோர் ஆய்வு, இரப்பரைப்போலப் புகழ் பெறவில்லை. எனினும், அவருடைய உள்ளம் எங்கே இருந்தது என்பதை அதுவே காட்டுகிறது. ஒரு செடி ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு எவ்வாறு செல்கிறது என்னும் கேள்வி அவரை வாழ்நாள் முழுதும் ஆட்கொண்டிருந்தது. வௌவால் தின்று உமிழும் கொட்டை, பறவையின் வயிற்றில் பயணம் செய்யும் விதை, கடலில் மிதக்கும் காய், விலங்கின் மயிரில் ஒட்டும் முள்விதை ஆகிய அனைத்தையும் அவர் குறித்து வைத்தார்.

செராயா இனத்து மரங்களின் விதைக்கு இறகுகள் உண்டு. மரத்தின் உச்சியிலிருந்து அது சுழன்று சுழன்று விழும் அழகைக் கண்டவர்கள், அது வெகுதொலைவு பறந்து செல்லும் என்றே எண்ணுவர். ரிட்லி அளந்து பார்த்தார். அவ்விதை தாய்மரத்திலிருந்து செல்லும் தொலைவு மிஞ்சினால் ஏறத்தாழ 100 கெஜம். விழுந்த விதை மரமாகிப் பூத்துக் காய்க்க ஏறத்தாழ 30 ஆண்டுகள். ஆகவே, அம்மரம் நூறாண்டில் கடக்கக்கூடிய தொலைவு ஏறத்தாழ 300 கெஜமே. நூறு மைல் பரவ வேண்டுமாயின் அதற்கு ஐம்பதாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகும் என்று அவர் கணக்கிட்டார்.

இக்கணக்கையும் இரப்பர் விதையின் கணக்கையும் அருகருகே வைத்துப் பார்த்தல் தகும். இரப்பர்க் காய் வெயிலில் படாரென்று வெடித்துத் தன் கொட்டையைச் சில கெஜத் தொலைவுக்கு எறியும். தோட்டப்புறச் சிறுவர் தரையில் தேய்த்து ஒருவருக்கொருவர் சூடு வைத்து விளையாடிய அதே கொட்டைதான். அதன் இயல்பான வேகம் அவ்வளவே. ஆனால் மனிதனின் சட்டைப் பையில் ஏறியதும் அது ஒரு தலைமுறைக்குள் ஒரு நாட்டையே மூடிவிட்டது. பல்லாயிரம் ஆண்டுகளில் அடியெடுத்து அடியெடுத்து வந்த செராயா, அந்த ஒரு தலைமுறைக்குள் வெட்டுண்டு போயிற்று. இரு விதைகளின் நடையையும் அளந்தறிந்தவர் ஒரே மனிதர் என்பது வரலாற்றின் வியப்புகளுள் ஒன்று.

ஏட்டில் எழுந்த காடு

1900ஆம் ஆண்டு ரிட்லி சிங்கப்பூரின் தாவரங்களைத் தொகுத்து வெளியிட்டார். முன்னோர் சேகரித்த செடிகளுள் சில, தம் காலத்திலேயே தீவில் தென்படாமற்போனதை அவர் அறிந்திருந்தார். 1907இல் இலண்டன் வேந்தியக் கழகம் அவரைத் தன் உறுப்பினராக ஏற்றது. 23 ஆண்டுகள் பணியாற்றியபின் அவர் ஓய்வு பெற்றார். 1912இல் ஐசக் ஹென்றி பர்கில் அவருடைய இடத்துக்கு வந்தார்.

ஓய்வு அவருக்கு ஓய்வாக அமையவில்லை. கியூ தோட்டத்தின் அருகிலேயே குடியிருந்து, நாள்தோறும் அங்குள்ள உலர்தாவரக் கூடத்தில் உழைத்தார். மலாய்த் தீபகற்பத்தின் தாவரங்களைப் பற்றிய அவருடைய ஐந்து தொகுதிகள் 1922 முதல் 1925 வரை வெளிவந்தன. உலகெங்கும் தாவரங்கள் பரவும் வகைகளைப் பற்றிய பெருநூல் 1930இல், அவருடைய 75ஆம் வயதில், வெளிவந்தது. காம்பியரும் இரப்பரும் அழித்த காடுகளில் நின்ற செடிகள் பல, அந்நூல்களின் பக்கங்களில் மட்டும் உயிர் வாழ்கின்றன.

எண்பது வயதைக் கடந்தபின் அவர் திருமணம் செய்துகொண்டார். 1950இல் லின்னேயக் கழகம் தன் பொற்பதக்கத்தை அவருக்கு அளித்தது. 1955 டிசம்பரில் அவருக்கு நூறு வயது நிறைந்தது. அடுத்த ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள் கியூவில் அவர் மறைந்தார். மலாயா விடுதலை பெற அப்போது ஓராண்டுக்கும் குறைவான காலமே இருந்தது.

எஞ்சிய காடு

ரிட்லிக்குப் பின் புக்கிட் தீமா எளிதாகப் பிழைத்துவிடவில்லை. தீவின் பிற காப்புக்காடுகள் மரத்துக்காக வெட்டப்பட்டு, 1930களில் காப்பு நிலையையும் இழந்தன. பூமலையின் ஹோல்ட்டமும் கார்னரும் புக்கிட் தீமாவின் அருமையை உணர்ந்திருந்தனர். 1939இல் மரத்துக்காகவன்றி, செடிகளுக்காகவும் விலங்குகளுக்காகவுமே காக்கப்பட வேண்டிய இடமாக அது அறிவிக்கப்பட்டது. 1942 பிப்ரவரியில் அம்மலையடியில் கடும்போர் நிகழ்ந்தது. 1951இல் இயற்கைக் காப்பகங்களுக்கெனத் தனிச் சட்டம் வந்தது. அதே மலையின் ஓரங்களைக் கருங்கல் குவாரிகள் பல காலம் அரித்துக்கொண்டும் இருந்தன.

1986இல் விரைவுச்சாலை ஒன்று திறக்கப்பட்டு, புக்கிட் தீமாவை நடுவண் நீர்ப்பிடிப்புக் காட்டிலிருந்து பிரித்தது. அதே ஆண்டில், உலகில் வேறெங்கும் காணப்படாத சிங்கப்பூர் நன்னீர் நண்டு இப்பகுதியின் ஓடையிலிருந்து அறிவியலுக்கு அறிமுகமாயிற்று. மறு ஆண்டு, 1987இல், இம்மலையில் எஞ்சியிருந்த கடைசி இலைக்குரங்கு நாய்களால் கடியுண்டு இறந்தது. ஒரு கையில் புதிய உயிரொன்று கிடைக்க, மறு கையிலிருந்து பழைய உயிரொன்று நழுவிற்று. தனித்தீவாகிப்போன காடு மெல்ல மெல்லத் தன் உயிர்களை இழக்கும் என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

2013இல் அவ்விரைவுச்சாலைக்கு மேலே 62 மீட்டர் நீளமுள்ள பாலம் ஒன்று கட்டி முடிக்கப்பட்டது. மனிதர் நடக்கவன்று, விலங்குகள் கடக்கவே அது எழுந்தது. அதன்மேல் மண் நிரப்பி, உள்நாட்டு மரங்களையே நட்டனர். அழுங்கும் மரநாயும் அதனைக் கடந்திருக்கின்றன. 2014 முதல் இரண்டாண்டுகள் மலைப்பாதைகளின் பெரும்பகுதியை மூடிச் செப்பனிட்டு, 2016இல் மீண்டும் திறந்தனர். இதற்கிடையே 2015இல் பூமலை உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பட்டது. இரப்பர் ஆய்வில் அத்தோட்டம் ஆற்றிய பங்கும் அச்சிறப்புக்கு ஒரு காரணம்.

சிங்கப்பூரில் பால்மரத் தோட்டங்கள் மறைந்து பல்லாண்டுகள் ஆகிவிட்டன. வெட்டுவாரின்றி விடப்பட்ட இரப்பர் மரங்கள், புதிதாகத் தழைத்த காடுகளில் மற்ற மரங்களோடு கலந்து நிற்கின்றன. அவற்றின் முதிய பட்டையில் சாய்ந்த கீற்றுகளின் தழும்பு இன்னமும் தெரிவதுண்டு. அது ரிட்லி வகுத்த கீற்று. தமிழன் உளி பதித்த கீற்று. அதற்கு அப்பால், மலையின் மேல், செராயா பூக்கும் ஆண்டுகளில் இறகு விதைகள் சுழன்று விழுகின்றன. ரிட்லியின் கணக்குப்படி அவற்றுக்கு வேண்டியது நூறாண்டுக்கு 300 கெஜ நிலமும், அந்நிலம் வெட்டுப்படாதிருப்பதும் மட்டுமே. அவ்வளவைத் தந்து காத்தல் ரிட்லியின் காலத்தில் இயலாமற்போயிற்று. அந்தப் பொறுப்பு அவருக்குப் பின் வந்தோரின் கையில் இருக்கிறது.